உயிரேடும் விரைவுப் பொறியும்

தமிழ் பயில்வோர் யாவரும் ஏட்டுச்சுவடிகளின் வரலாற்றை அறிவர். டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1887 இல் சீவகசிந்தாமணியை அச்சிற் கொணர்தற்கு முன், தேடிப் பெற்ற பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கினார். ஓரிடத்து எழுத்து மாறியிருப்பின், அது புலவன் சொல்லோ, ஏடெழுதினோன் பிழையோ என்று ஆராய்தல் பதிப்பாசிரியர் கடமையன்றோ? இந்நாளில் உயிர்நூலார் நிகழ்த்தும் மரபணுத்தொகுதி ஆராய்ச்சியும் ஏறக்குறைய இத்தகையதே. அவர்தம் சுவடி நான்கே எழுத்துக்களான் இயன்றது. ஆயின் அது 300 கோடி எழுத்து நீளமுடையது.

1990 இல் தொடங்கி 2003 இல் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்ட பன்னாட்டு முயற்சியால் மனிதச் சுவடியின் மூலப்பிரதி ஒன்று கிடைத்தது. புதிதாக ஒருவர் சுவடியை வாசிக்க வேண்டின், இக்காலத்து வாசிப்புப் பொறிகளுட் பல அதனை நூற்றைம்பது எழுத்தளவான துண்டுகளாகவே தருகின்றன. பிழை களைதற்பொருட்டு ஒவ்வோரிடமும் ஏறத்தாழ 30 முறை வாசிக்கப்படும். ஆகவே 9,000 கோடி எழுத்துக்கள் சிதறிய ஏட்டுத் துண்டுகளாய் நம்முன் குவிகின்றன. அவற்றை மூலப்பிரதியோடு பொருத்தி, மாறிய எழுத்துக்களைக் கண்டறிதலே வேலை. பொருத்தும் கணக்கு முறைகளுள் புகழ்பெற்றதொன்றை ஸ்மித், வாட்டர்மேன் என்னும் இருவர் 1981 இல் வகுத்தனர். முறை எளிதே, செய்து முடித்தற்கு வேண்டுங் காலமே பெரிது.

இங்குத்தான் வரைகலைச் செயலி துணைக்கு வருகின்றது. கணினி விளையாட்டுக்களின் படங்களைத் தீட்டுதற்கென எழுந்த கருவி இது. கணினியின் மையச் செயலி, வல்லவராகிய சில அறுவடையாளரை ஒக்கும். எவ்வேலையும் செய்வர், ஆயின் சிலரே. வரைகலைச் செயலியோ, கும்பப்பூ அறுப்புக்கு ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே வயலில் இறங்கி, ஒவ்வொருவரும் தத்தம் வரிசையை அறுத்தலை ஒக்கும். ஒரு துண்டைப் பொருத்துதற்கு மற்றொரு துண்டின் முடிவை எதிர்நோக்க வேண்டாமையால், இவ்வேலை அதற்கு மிக இயைந்தது. மையச் செயலிகளால் 30 மணி நேரம் நிகழும் ஆராய்ச்சியை ஒரு மணி நேரத்துள் முடிக்கலாம் என்று பாராபிரிக்ஸ் என்னும் மென்பொருளை வழங்கும் என்விடியா நிறுவனத்தார் கூறுகின்றனர்.

இத்துணை அவசரம் எற்றுக்கு என்பாருளர். அன்னார்க்கு விடை நமது மாவட்டத்திலேயே உளது. வடசேரியில் பேருந்தேறி மணவாளக்குறிச்சி செல்வோர், ஆங்குள்ள கருமணலைக் காண்பர். 1909 இல் ஷாம்பர்க் என்னும் ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டிச் சென்ற மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அதில் தோரியம் உண்டு. ஆதலின் அக்கரையோரத்தில் இயற்கைக் கதிர்வீச்சு மிகுதி. தலைமுறை தலைமுறையாக மீனவர் அம்மணல்மேல் வாழ்கின்றனர். இக்கதிர்வீச்சு எம் மக்களுக்குத் தீங்கு செய்கின்றதா என்பது அவர்கள் கேட்கும் வினா. கிள்ளியூர் வட்டாரத்தில் புதிதாய் மணலெடுக்கும் திட்டத்தை 2024 இல் அவர்கள் எதிர்த்தபோதும் இவ்வினாவே எழுந்தது.

இதற்குக் கிடைத்துள்ள விடைகள் ஒருதலைப்பட்டனவல்ல. இதே மணல் செறிந்த கொல்லத்துக் கரையோரக் குடும்பங்களில், தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியாச் சுவடியில் எழுத்து மாற்றங்கள் மிகுதியாய் உள்ளன என்று 2002 இல் வெளியான ஆராய்ச்சி உரைத்தது. கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைத் தொடர்ந்து நோக்கி 2009 இல் வெளியான ஆராய்ச்சியோ, புற்றுநோய் மிகவில்லை என்றது. இரண்டும் முரணின என்று முடிவு செய்தல் தகாது. முன்னது எழுத்தையும் பின்னது நோயையும் எண்ணிற்று. மேலும், மைட்டோகாண்ட்ரியாச் சுவடி 16,569 எழுத்தே உடையது. முழுச்சுவடி அதனினும் ஏறத்தாழ 1,80,000 மடங்கு பெரிது. அதனை வாசியாமல் வினாவுக்கு முழு விடை கிடையாது.

வாசிக்குமாறு இது: தந்தை, தாய், மகவு மூவர் சுவடியையும் ஒப்பிட்டு, பெற்றோரிடத்தில்லாது மகவினிடத்தே புதிதாய்த் தோன்றிய எழுத்துக்களை எண்ணுதல். எங்கும் பிறக்கும் குழந்தையிடத்து இவை சற்றேறக்குறைய 60 அல்லது 70 இருத்தல் இயல்பு. கரையோரத்தில் அத்தொகை மிகுமோ என்று காண நூறு குடும்பங்களை எடுத்துக் கொண்டால் 300 சுவடிகள் ஆகும். மேற்கூறிய கணக்கின்படி, ஒரே கணினியில் மையச் செயலிகளால் 9,000 மணி நேரம், அஃதாவது 375 நாள் செல்லும். வரைகலைச் செயலிகளாலோ பதின்மூன்று நாளில் முடியும். ஒருமுறை பிழை நேர்ந்தால் மீளச் செய்தற்கும் ஐயுற்றார் சரிபார்த்தற்கும் இவ்வேறுபாடே இடந்தரும். மீளச் செய்து பார்க்கவியலாத ஆராய்ச்சியை மீனவர் எங்ஙனம் நம்புவர்?

பொறிகள் மேனாட்டிலன்றோ உள எனின், அன்று. திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 இல் நிறுவப்பெற்ற மீக்கணினி ‘பரம் பொருள்’ எனப் பெயர் தாங்கி நிற்கின்றது; வரைகலைச் செயலிகளும் அதில் உள. 10,000 இந்தியரின் மரபணுச் சுவடிகள் 2025 சனவரியில் ஆராய்ச்சியாளர்க்குத் திறந்துவிடப்பட்டன. குறையாவது, உயிர்நூலும் கணினி நூலும் ஒருங்கே அறிந்த மாணவர் நம் பக்கத்தில் அரியராயிருத்தலே. நம்மனோர் கல்லூரிகளில் இவ்விரு துறையினரும் ஒரே வகுப்பில் அமர்ந்து பயிலும் நாள் வருதல் வேண்டும் என்பது என் கருத்து.

வேகமே ஞானமாகாது என்பதையும் ஈண்டுக் கூறல் வேண்டும். விரைந்து எண்ணும் பொறி, தவறாகக் கேட்ட வினாவுக்கும் விரைந்தே விடை தரும். எழுத்து மாறியது என்பது வேறு. நோய் வரும் என்பது வேறு. குருதி தந்த குடும்பத்தினர் இசைவின்றி அவர்தம் சுவடி பிறர் கைப்படலாகாது. முடிவு எதுவாயினும், மணலெடுப்போர்க்கும் எதிர்ப்போர்க்கும் அறிவிக்கு முன்னர், அது தெளிந்த தமிழில் அக்குடும்பத்தார்க்கே சொல்லப்படுதல் வேண்டும். தமிழ் மாணவராகிய நமக்கும் இதில் பணி உண்டு. எழுத்தைப் பொறி எண்ணட்டும். அதன் பொருளை ஊரார்க்கு உரைக்க வல்லார் நம்மிடையே எழுவாராக!