எங்கள் கோர்னர் பொடியனுக்கு புரோ கபடியில் இடம் கிடைக்குமா?



போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு, நம்மிடம் படித்த ஒரு மாணவன் வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம். வயது 27. இடது கோர்னரில் நின்று பிடிப்பவன். ஒன்பது வருடத்தில் நான்கு கழகங்களுக்கு ஆடிவிட்டான். இரண்டு தடவை தேசிய குழாமுக்கு அழைப்பு வந்தது; இரண்டு தடவையும் இறுதிப் பட்டியலில் பெயர் இல்லாமல் ஊர் திரும்பினான். பகலில் ஹார்ட்வெயார் கடையில் வேலை.

"சேர், மாமா கட்டாருக்கு விசா எடுத்துத் தாறன் எண்டு சொல்றார். உம்மாவும் போகச் சொல்றா. புரோ கபடிக்கு இன்னொரு வருசம் பாக்கவா, இல்லாட்டிப் போகவா?" என்று கேட்டான்.

தேத்தண்ணி ஆறிப் போகும் வரை நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் யோசித்துத்தான் சொன்னோம். அதை இங்கும் எழுதுகிறோம். இந்தக் கேள்வியில் பாதி அவனுடையது, மீதிப் பாதி ஊருடையது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். புரோ கபடி 2014 இல் தொடங்கியது. 2017 முதல் 12 அணிகள். ஓர் அணி 18 முதல் 25 வீரர்களை எடுக்கலாம். அதில் வெளிநாட்டவர் குறைந்தது 2 பேர், கூடியது 4 பேர். அப்படியென்றால் உலகம் முழுவதற்கும் 24 முதல் 48 இடங்கள்தான். அந்த இடங்களுக்கு ஈரான், பங்களாதேஷ், கென்யா, தென் கொரியா, நேபாளம் என்று எல்லோரும் நிற்கிறார்கள். ஈரான்காரரைத் தாண்டிப் போவது லேசில்லை. 2018 ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியாவையே அரையிறுதியில் 27-18 என்று வீழ்த்தித் தங்கம் எடுத்தவர்கள் அவர்கள்.

அதற்காக நம்மவருக்குக் கதவு பூட்டியிருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 2021 இல் தமிழ் தலைவாஸ் அணி இலங்கையின் அன்வர் பாபாவைச் சேர்த்தது. அடுத்த வருடம் தனுஷனைச் சேர்த்தது. அதே 2022 இல் பெங்கால் வாரியர்ஸ் பட்டியலில் நிந்தவூர் அஸ்லம் சஜாவின் பெயர் வந்தபோது இந்தக் கரையோரமே சந்தோசப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். நம் மண்ணில் இருந்து போகலாம் என்பதற்கு அது போதுமான சாட்சி. ஆனால் பட்டியலில் பெயர் வருவது வேறு, களத்தில் இறங்கும் ஏழு பேரில் ஒருவனாக நிற்பது வேறு.

"27 வயசாயிற்று, இனி எங்கே?" என்று சிலர் அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். இதை நாம் ஏற்கவில்லை. கோர்னர் என்பது கால் வேகத்தை விடப் பொறுமையும் கண்ணும் வேண்டிய இடம். பாடி வருபவன் எந்தக் காலைப் பின்னால் விடுவான் என்பதைப் பல வருடம் பார்த்தால்தான் பிடிபடும். ஈரானின் பஸல் அத்ராச்சலியைப் பாருங்கள். அவரும் இடது கோர்னர். 2015 இல் யு மும்பாவில் தொடங்கி பாட்னா, குஜராத், புனே, பெங்கால், டெல்லி என்று ஆறு அணிகளுக்கு ஆடியவர். 2018 ஏலத்தில் ஒரு கோடி இந்திய ரூபாய்க்குப் போனார். 500 பிடிப் புள்ளிகளைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். 2025 இல் தபங் டெல்லி கிண்ணம் வென்றபோது 33 வயதில் அந்த அணியில் இருந்தார். ஆகவே கழகம் கழகமாக மாறியது எங்கள் பொடியனுக்குக் குறையுமில்லை, வயது தடையுமில்லை.

அவனுக்குத் தடை காலுக்குக் கீழே இருக்கிறது. நாம் மணலில் ஆடி வளர்ந்தவர்கள். மணலில் குதிகாலைப் புதைத்து நின்று, வருபவனின் கணுக்காலை அள்ளுகிறோம். அவனுடைய காலும் புதைவதால் அரை நொடி நமக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. மெட்டில் அந்த அரை நொடி இல்லை. சப்பாத்துப் போட்ட ரெய்டர் ஒரே காலில் திரும்பிப் போய்விடுவான். கோர்னர்காரன் தனியாகப் பாய்ந்தால் புள்ளி போயிற்று. பக்கத்தில் நிற்கும் கவர் வீரனோடு கை கோத்து ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். இதைக் காணொளி பார்த்துப் படிக்க முடியாது. தினமும் மெட்டில் விழுந்து எழும்பித்தான் உடம்புக்குப் பழக்க வேண்டும். தேசிய குழாமின் பயிற்சிக்குப் போனால் மட்டும் இவன் மெட்டைக் காண்கிறான். அங்கே இவனோடு போட்டியிடும் படைக் கழகங்களின் வீரர்களுக்கோ ஆட்டமே தொழில்.

இன்னொன்று, ஏல அணிகள் நம் கடற்கரைக்கு வந்து ஆள் தேடப் போவதில்லை. வெளிநாட்டு வீரரை அவர்கள் பெரும்பாலும் காண்பது சர்வதேசப் போட்டிகளில்தான். 2026 செப்டெம்பரில் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் ஆசிய விளையாட்டு விழா. இலங்கை அணி போனால், அந்த அணியில் இவன் இருந்தால், யாராவது பார்ப்பார்கள். தேசிய அணிக்குள் போகாமல் புரோ கபடிக் கனவு காண்பது, ஓ.எல். எழுதாமல் ஏ.எல். பற்றிப் பேசுவது போல.

எனவே நம் கணிப்பு இதுதான். இப்போதுள்ள நிலையில் அவனுக்கு ஏதாவது ஓர் அணியின் பட்டியலில் இடம் கிடைக்க நூற்றுக்குப் பத்து வாய்ப்பு. ஏழு பேரில் ஒருவனாக நிற்க அதிலும் குறைவு. பணத்தையும் மறைக்கவில்லை. 2023 ஏலத்தில் கடைசிப் பிரிவின் அடிப்படை விலை 9 இலட்சம் இந்திய ரூபாய். நம் பணத்தில் 30 இலட்சத்துக்கு மேல். கடையில் நின்று அதைச் சேர்க்க எத்தனை வருடம் போகும்?

"மகன், விசா வேலையை நிறுத்தாதே. அது முடிய மாதங்கள் எடுக்கும். அதுவரை தேசியத் தெரிவுக்கு உயிரைக் கொடுத்துப் பயிற்சி எடு. இறுதிப் பட்டியலில் பெயர் வந்தால் மாமாவிடம் நாங்கள் பேசுகிறோம். வராவிட்டால் பிளேன் ஏறு. அதில் வெட்கம் ஒன்றுமில்லை" என்று சொன்னோம். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். "சரி சேர்" என்றான். அவனுடைய கண்ணைப் பார்க்க நமக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

இனி ஊருக்கு ஒரு வார்த்தை. ஒரு பொடியனின் பெயர் பட்டியலில் வந்ததும் சந்திக்குச் சந்தி பேனர் கட்டுகிறோம், மாலை போடுகிறோம், அரசியல்வாதியின் படத்தை அவனுடைய படத்தை விடப் பெரிதாக அடிக்கிறோம். அவன் அந்த இடத்துக்குப் போவதற்கு முன் நாம் என்ன கொடுத்தோம்? ஒரு கபடிக் களம் 13 மீற்றருக்கு 10 மீற்றர்தான். மெட் துண்டு துண்டாகக் கழற்றிப் பூட்டக்கூடியது. ஒரு பாடசாலை மண்டபத்தில் பிற்பகலில் விரித்து, இரவு அடுக்கி வைக்கலாம். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர்க் கழகங்கள் முறை வைத்து ஆடலாம். பழைய மாணவர் சங்கங்கள் ஒரு வருடத்துப் பேனர் செலவையும் ஒலிபெருக்கிச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு, மெட்டின் விலையை விசாரியுங்கள்.

இவனுக்கு அது பிந்திப் போகலாம். இவனைப் பார்த்து அந்தியில் கடற்கரையில் கோர்னரில் நிற்கப் பழகும் பதினான்கு வயதுப் பிள்ளைகள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அவர்களும் 27 வயதில் வந்து இதே கேள்வியைக் கேட்கக் கூடாது.

உங்கள் கருத்தை எழுதுங்கள். மெட் விடயத்தில் உதவக்கூடியவர்கள் உள்பெட்டியில் பேசுங்கள். அவனுக்காகத் துஆச் செய்யுங்கள்.