ரஞ்சன்காவ் காட்டும் மகாராஷ்டிரம்: சீர்திருத்தம் வளர்த்த தலைமையும் அதிகாரிகளிடம் சென்ற மாவட்ட ஊராட்சியும்

ரஞ்சன்காவ் (புனே): புனேயிலிருந்து அகில்யாநகர் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், ஷிரூர் தாலுகாவில் அமைந்துள்ளது ரஞ்சன்காவ். அஷ்டவிநாயகர் தலங்களுள் ஒன்றான மகாகணபதி ஆலயத்தால் பல நூற்றாண்டுகளாக அறியப்பட்ட இந்த ஊர், கடந்த முப்பது ஆண்டுகளில் மற்றொரு காரணத்துக்காகவும் பெயர் பெற்றுவிட்டது. ஃபியட் - டாடா கூட்டு கார் ஆலை, எல்ஜி, ஹையர், வேர்ல்பூல் நிறுவனங்களின் உற்பத்திக் கூடங்கள் ஆகியவை இங்குள்ள தொழிற்பேட்டையில் இயங்குகின்றன. 2017 முதல் ஜீப் காம்பஸ் கார்கள் இங்கிருந்தே வெளிவருகின்றன. இருப்பினும் நிர்வாகக் கணக்கில் ரஞ்சன்காவ் இன்றும் ஒரு கிராம ஊராட்சிதான்.

உலகச் சந்தைக்குப் பொருள் செய்யும் ஊரை ஒரு கிராம ஊராட்சி நிர்வகிப்பது வெளியூர்வாசிகளுக்கு வியப்பளிக்கலாம். மகாராஷ்டிர அரசியல் வரலாற்றை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை. மாநிலம் பிறந்த இரண்டே ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்த இரு சட்டங்கள் இந்த ஊரில் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று மாவட்ட ஊராட்சிச் சட்டம். மற்றொன்று தொழில் வளர்ச்சிச் சட்டம். முதலாவது ஊரக மகாராஷ்டிரத்துக்குத் தலைவர்களைத் தந்தது. இரண்டாவது தொழிற்சாலைகளைத் தந்தது. இரண்டுக்கும் இடையிலான சமநிலை அண்மை ஆண்டுகளில் குலைந்திருப்பதே இப்போது எழுந்துள்ள கேள்வி.

1960 மே 1 அன்று மகாராஷ்டிரம் உருவானபோது முதலமைச்சர் பொறுப்பேற்ற யஷ்வந்த்ராவ் சவான், வருவாய் அமைச்சராக இருந்த வசந்த்ராவ் நாயக் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். 1957-ல் மத்திய அளவில் பல்வந்த்ராய் மேத்தா குழு அளித்த பரிந்துரை, வட்டார அளவிலான ஊராட்சி ஒன்றியத்துக்கே முதலிடம் தந்தது. நாயக் குழு அதிலிருந்து விலகி, மாவட்ட ஊராட்சியை, அதாவது ஜில்லா பரிஷத்தை, வலுவான அடுக்காக்க வேண்டும் என்றது. அதன் அடிப்படையில் 1961-ல் நிறைவேறிய சட்டம் 1962 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆரம்பக் கல்வி, சுகாதாரம், வேளாண்மை, ஊரகச் சாலை, சிறுபாசனம் ஆகியவை மாவட்ட ஊராட்சிக்குக் கைமாறின. மக்களால் தேர்வானவர் தலைவராகவும், அரசின் மூத்த அதிகாரி அவருக்குக் கீழ் தலைமை நிர்வாக அலுவலராகவும் அமர்த்தப்பட்டனர்.

அதே காலகட்டத்தில் தமிழ்நாட்டில் 1958-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஊராட்சி ஒன்றியங்கள் வலுப்பெற்றன. ஆனால் மாவட்ட வளர்ச்சி மன்றத்துக்கு ஆட்சியரே தலைவர். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும் விளைவு பெரிது. தமிழ்நாட்டில் தலைவர்கள் பெரும்பாலும் கட்சி, மேடை, பத்திரிகை, பின்னர் திரை ஆகியவற்றின் வழியே எழுந்தனர். மகாராஷ்டிரத்திலோ, வரவு செலவும் அதிகாரிகளும் தன் கையில் உள்ள மாவட்ட ஊராட்சியே ஆட்சிக் கலையின் பயிற்சிக் கூடமாயிற்று.

சட்டத்தில் இடம்பெற்ற மற்றொரு முடிவு இன்னும் துணிச்சலானது. சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் மாவட்ட ஊராட்சியில் உறுப்பினர் இடம் தரப்படவில்லை. இதனால் அங்கு புதியவர்கள் தலையெடுக்க இடம் கிடைத்தது. பாபல்காவ் கிராமத்தின் சர்பஞ்சாகப் பொதுவாழ்வைத் தொடங்கிய விலாஸ்ராவ் தேஷ்முக், உஸ்மானாபாத் மாவட்ட ஊராட்சி வழியே சட்டமன்றம் சென்று 1999-ல் முதலமைச்சரானார். 1979-ல் சாங்லி மாவட்ட ஊராட்சி உறுப்பினரான ஆர்.ஆர்.பாட்டீல், 1990-ல் சட்டமன்றத்துக்குச் சென்று 2004-ல் துணை முதலமைச்சரானார். ஊரக வளர்ச்சி அமைச்சராக இருந்தபோது அவர் முன்னெடுத்த காட்கே பாபா கிராமத் தூய்மை இயக்கம், ஊராட்சியை உள்ளிருந்து அறிந்தவரின் திட்டம் என்பது அதன் வடிவிலேயே தெரியும்.

சவானின் சீர்திருத்தம் முற்றிலும் தன்னலமற்றது என்று கூறிவிட முடியாது. 1957 தேர்தலில் ஐக்கிய மகாராஷ்டிர இயக்கத்திடம் மேற்கு மகாராஷ்டிரத்தில் காங்கிரஸ் பலத்த அடி வாங்கியிருந்தது. ஊரகப் பகுதிகளின் செல்வாக்கு மிக்க வேளாண் குடும்பங்களைக் கட்சிக்குள் ஈர்க்க மாவட்ட ஊராட்சிப் பதவிகள் உதவின. 1962 சட்டமன்றத் தேர்தலில் 264 இடங்களில் 215-ஐ காங்கிரஸ் கைப்பற்றியது. அதிகாரம் பரவலாக்கப்பட்டது உண்மை. அது முதலில் சென்றடைந்தது நிலமும் சாதிப் பெரும்பான்மையும் உடையவர்களையே என்பதும் உண்மை.

கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளின் கதையும் இத்தகையதே. விட்டல்ராவ் விகே பாட்டீலும் பொருளியல் அறிஞர் தனஞ்செயராவ் காட்கிலும் அன்றைய அகமதுநகர் மாவட்டம் லோணியில் தொடங்கிய பிரவரா ஆலை, 1950-51 பருவத்தில் அரவையைத் தொடங்கியது. கரும்பு விளைவிப்பவரே ஆலையின் உரிமையாளர் என்ற கருத்து அன்று புரட்சிகரமானது. ஆலையைச் சுற்றி கல்லூரி, மருத்துவமனை, வங்கி எழுந்தன. ஆலைத் தலைவர் பதவி சட்டமன்றத் தொகுதிக்கு வாயிலாயிற்று. பிறகு அது குடும்பச் சொத்தைப்போல் கைமாறத் தொடங்கியது. விட்டல்ராவின் மகன் பாலாசாகேப் மத்திய அமைச்சரானார். பேரன் ராதாகிருஷ்ணா மாநில அமைச்சராக உள்ளார். இன்று மாநிலத்தில் தனியார் ஆலைகள் எண்ணிக்கையில் கூட்டுறவு ஆலைகளுக்கு நிகராக வளர்ந்துவிட்டன. ஷிரூர் தாலுகாவிலேயே, நாவரேயில் உள்ள கோட்கங்கா கூட்டுறவு ஆலையின் அரவை நின்றுபோனது 2024 சட்டமன்றத் தேர்தலில் முக்கியப் பிரச்சினையாக எழுந்தது.

பெண்களின் தலைமையிலும் புனே மாவட்டத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. சரத் பவாரின் தாயார் சாரதாபாய் பவார், இட ஒதுக்கீடு என்ற சொல்லே அரசியலில் புழங்காத 1938-ல் புனே மாவட்ட உள்ளாட்சி வாரிய உறுப்பினரானார். 1994-ல் நாட்டிலேயே முதன்முறையாக மாநில மகளிர் கொள்கையை அறிவித்தவர் அவருடைய மகன். 2011-ல் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கான பங்கு 50 சதவீதமாக்கப்பட்டது.

தொழில் துறையின் பாதை வேறு. 1962 ஆகஸ்ட் 1 அன்று நிறுவப்பட்ட மகாராஷ்டிர தொழில் வளர்ச்சிக் கழகம், நிலம் கையகப்படுத்துவது முதல் சாலை, குடிநீர், மனை ஒதுக்கீடு வரை அனைத்தையும் தன் பொறுப்பில் வைத்துள்ளது. தமிழ்நாட்டில் 1971-ல் வந்த சிப்காட்டை இதற்கு ஒப்பிடலாம். மும்பை, தாணே பகுதிகளில் குவிந்திருந்த ஆலைகளை மாநிலம் முழுவதும் பரப்புவதே கழகத்தின் நோக்கம். ரஞ்சன்காவ் அதன் பலனை அனுபவித்த ஊர். ஆனால் பேட்டைக்குள் திட்டமிடும் அதிகாரம் கழகத்திடம். வேலிக்கு வெளியே வாடகை வீடுகளில் தங்கும் பிற மாநிலத் தொழிலாளர்களின் குப்பை, சாக்கடை, குழந்தைகளின் பள்ளி ஆகியவையோ ஊராட்சியின் தலையில்.

2022 செப்டம்பரில் வேதாந்தா - ஃபாக்ஸ்கான் திட்டம் குஜராத்துக்குச் சென்றபோது மாநில அரசியல் கொதித்தது. அடுத்த மாதமே, அக்டோபர் 31 அன்று, ரஞ்சன்காவில் 297 ஏக்கரில் ரூ.492.85 கோடி மதிப்பிலான மின்னணு உற்பத்தித் தொகுப்புக்கு ஒப்புதல் அளித்திருப்பதாக மத்திய அரசு அறிவித்தது. இந்த அறிவிப்பு வெளியானபோது புனே மாவட்ட ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உறுப்பினர்கூட இல்லை. அதன் பதவிக்காலம் அந்த ஆண்டு மார்ச் மாதமே முடிந்து, நிர்வாகம் அதிகாரியிடம் சென்றிருந்தது.

இதர பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு குறித்து 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும், பாந்தியா ஆணைய அறிக்கையைச் சுற்றி எழுந்த வழக்கும், வார்டு எல்லைகளை மாற்றிய சட்டத் திருத்தங்களும் தேர்தலைத் தொடர்ந்து தள்ளிப்போட்டன. ஆட்சிகள் மாறின, கட்சிகள் உடைந்தன. ஆனால் தேர்தலை விரைந்து நடத்துவதில் எந்தத் தரப்பும் அவசரம் காட்டவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. உறுப்பினர்கள் இல்லாத மாவட்டத்தில் நிதி ஒதுக்கீட்டில் பொறுப்பு அமைச்சரின் சொல்லுக்கும் சட்டமன்ற உறுப்பினரின் சொல்லுக்கும் எடை கூடுகிறது. 1961-ல் சவான் வெளியே நிறுத்தியவர்கள் இவ்வாறு பின்வாசல் வழியே உள்ளே வந்துவிட்டனர்.

சர்பஞ்ச் தேர்விலும் இதே நிலையின்மைதான். மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை 2017-ல் வந்தது, 2020-ல் நீக்கப்பட்டது, 2022-ல் மீண்டும் வந்தது. எந்தக் கட்சி மும்பையில் ஆட்சியில் உள்ளதோ, அதற்கேற்பக் கிராமத் தலைமையின் இலக்கணம் மாறியது.

இதில் தமிழ்நாடு பெருமைப்பட ஏதுமில்லை. 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர் வரை இங்கும் உள்ளாட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. 2019-ல் தேர்வான ஊரக அமைப்புகளின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்ததும் அதே நிலை திரும்பியது. ஐந்தாண்டுக் காலம் முடியும் முன் தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்ற 73-வது அரசியலமைப்புத் திருத்தம், 1993 ஏப்ரல் 24 முதல் இரு மாநிலங்களுக்கும் பொருந்தும் சட்டம்.

மகாராஷ்டிரத்தில் நான்கு வாரங்களுக்குள் அறிவிக்கை வெளியிட்டு, நான்கு மாதங்களில் உள்ளாட்சித் தேர்தலை முடிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 மே 6 அன்று உத்தரவிட்டது. ஆணையத்துக்கு முந்தைய நிலையிலேயே ஒதுக்கீட்டைப் பின்பற்றலாம் என்றும் கூறியது. பின்னர் அந்தக் காலக்கெடுவும் 2026 ஜனவரி 31 வரை நீட்டிக்கப்பட்டது. புனே மாவட்ட ஊராட்சிக்குத் தேர்வாகும் உறுப்பினர்களின் மேசையில் முதலில் வந்து நிற்பது, மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அதிகாரிகள் மட்டுமே தயாரித்த வரவு செலவுத் திட்டங்களும், ரஞ்சன்காவ் போன்ற தொழிற்பேட்டை ஊர்களின் பள்ளி, குடிநீர், கழிவுநீர்க் கோரிக்கைகளும்தான்.