ஆறும் ஆசிரியரும்

கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்குச் செல்லும் வழியிற் கிட்டங்கித் தாம்போதி உளது. மாரியில் வெள்ளம் அதன்மேற் பாயும்; வெள்ளம் தணிந்தபின் ஆற்றுவாழை திரண்டு நீரின் முகத்தை மறைக்கும். அவ்வழிச் செல்வோர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இந்தத் தண்ணீர் கெட்டுப்போயிற்று” என்று ஒரு வார்த்தை சொல்லிக் கடந்து போவர். எவ்வளவு கெட்டது, எப்பொழுது கெட்டது, எதனாற் கெட்டது என்று வினவினால் விடை பகர்வார் அரியர்.

கெட்டது என்பது வருத்தம். எவ்வளவு என்பது அறிவு. வருத்தத்தை அறிவாக்குதல் பள்ளிக்கூடத்தின் தொழில். ஆதலின், ஆற்று நீரின் தரத்தை மாணவர் தாமே அளந்து பதியும் முயற்சியை நான் மனமார வரவேற்கின்றேன். ஆயினும், மாணவர் கையிற் கருவியைக் கொடுக்குமுன் ஆசிரியரை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று பயிற்ற வேண்டும் என்பதே இவ்வாரம் நான் வற்புறுத்த விழைவது. அதற்குக் காரணம், யான் பட்டறிந்த ஒரு தவறு.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதிப் பாடசாலை ஒன்றின் மாணவர் ஆற்று நீரைச் சோதித்து அறிக்கை எழுதினர். கருவிப் பெட்டி வந்தது. அதனைக் கையாளும் முறையைக் காட்டித்தர ஒருவரும் வந்திலர். பொறுப்பாசிரியர் கையேட்டைப் படித்துத் தாம் விளங்கிக்கொண்ட அளவிற் பிள்ளைகளுக்குச் சொன்னார். ஒரே இடத்து நீர் காலையில் ஓர் எண்ணையும் நண்பகலில் வேறோர் எண்ணையும் காட்டியது. போட்டிக்கு நாள் நெருங்கியது. எது சரி என்று தெளியமாட்டாமல், புத்தகத்திற் கண்ட எண்களையே அட்டவணையில் இட்டனர். அறிக்கை மொழித் திருத்தத்திற்காக என்னிடம் வந்தது. சந்திப்பிழை களைந்தேன்; ஒருமை பன்மை மயக்கத்தைத் தீர்த்தேன். அப்பொழுது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அருகில் வந்து, “சேர், நாங்க எடுத்த கணக்கு இது இல்லயே” என்றாள். “அது விஞ்ஞான ஆசிரியர் பார்க்கிற வேலை, மகள்” என்று கூறி அவளை அனுப்பிவிட்டேன்.

பொய்யான எண்களுக்குப் பிழையற்ற வாக்கியம் அமைத்துக் கொடுத்தவன் நான். அந்தப் பொறுப்பாசிரியரைக் குறைகூற எனக்கு வாயில்லை. அவர் சோம்பரும் அல்லர், பொய்யரும் அல்லர். பயிற்சி பெறாதவர், அவ்வளவே.

பயிற்சி இருந்திருப்பின் அந்த முரண்பாடே அன்றைய பாடமாகியிருக்கும். நீரிற் கரைந்துள்ள ஒட்சிசன் நாள் முழுதும் ஒரே அளவில் நிற்பதன்று. வெயில் ஏறப் பாசியும் நீர்ப்பூண்டும் ஒட்சிசனை வெளிவிடும்; இரவில் அவையும் சுவாசித்து அதனைச் செலவழிக்கும். ஆகவே பாசி மலிந்த நீரில் விடியற்காலை அளவு குறைந்தும் பிற்பகல் அளவு கூடியும் இருத்தல் இயல்பு. வெப்பம் கூடினும் உப்புக் கூடினும் நீர் ஒட்சிசனைத் தாங்கும் ஆற்றல் குறையும். 30 பாகை வெப்பமுடைய நன்னீர் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஒட்சிசனையே கொள்ளும். காலையும் நண்பகலும் வேறுபட்டமை பிள்ளைகளின் பிழையன்று. ஆறு உயிருடன் இயங்குவதன் அடையாளம். அவ்வடையாளத்தைத்தான் நாம் அழித்து எழுதினோம்.

மலக்கழிவு கலந்த நீரை அறிய எளியதொரு சோதனை உண்டு. குவாலியரில் மஞ்சாவும் துணைவரும் 1982இல் வெளியிட்டது அது. மருந்தூட்டிய தாளுள்ள சிறு போத்தலில் நீரை நிரப்பி ஓரிரு நாள் வைத்தால், ஐதரசன் சல்பைட்டை உண்டாக்கும் கிருமிகள் இருப்பின் நீர் கறுக்கும். பத்து வயதுப் பிள்ளையும் செய்யத்தக்கது. ஆனால் வாவிச் சேற்றில் இயல்பாகவே கந்தகச் சேர்வைகள் இருத்தல் கூடும். அவையும் நீரைக் கறுக்கச் செய்யலாம். கறுக்காத நீர் குடிக்கத்தக்கது என்று துணிதலும் தவறு. போத்தல் கறுப்பதைக் காட்டப் பிள்ளை போதும். கறுப்பின் பொருளைச் சொல்லப் பயின்ற ஆசிரியர் வேண்டும்.

இவ்வுண்மையைப் பிறநாட்டார் முன்னரே கண்டனர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே, ஆன் ஆர்பர் நகரிற் கியூரன் என்றோர் ஆறு ஓடுகின்றது. அதில் விளையாடிய உயர்நிலைப் பள்ளி மாணவர் சிலர் 1984இல் ஈரலழற்சி நோய்க்கு ஆளாயினர். அப்பள்ளி மாணவர் பேராசிரியர் வில்லியம் ஸ்டாப்பின் துணையோடு ஆற்று நீரைச் சோதித்து, மலக்கிருமிகள் மிகுந்திருத்தலைக் கண்டறிந்தனர். அம்முயற்சி வளர்ந்து 1989இல் உலகப் பள்ளிகளை இணைக்கும் ஆற்றுக் கல்வி வலையமைப்பாயிற்று. 1995இல் தொடங்கிய ‘குளோப்’ என்னும் பன்னாட்டுப் பள்ளித் திட்டமோ, மாணவர் அளவீடுகளை அனுப்புமுன் அவர்தம் ஆசிரியர் அளக்கும் முறையிற் பயிற்சி பெற வேண்டும் என விதித்தது. கருவிக்கு முன் ஆசிரியர் என்பது அதன் கருத்து.

நிற்க. அப்பயிற்சியில் எவை இடம்பெற வேண்டும்?

முதலாவது, உயிர்க்காப்பு. 2024 நவம்பர் 26ஆம் நாள், காரைதீவுக்கு அணித்தாகிய மாவடிப்பள்ளியில், வெள்ளத்தினூடே உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிய மத்ரஸா மாணவர் பலரை நீர் கொண்டது. அத்துயரைச் சுமக்கும் இக்கரையில் ஆற்றுப் பாடம் என்ற பெயரைக் கேட்டதும் தாய்மார் அஞ்சுவர், அவ்வச்சம் நியாயமானது. நீரில் இறங்காது கம்பில் போத்தலைக் கட்டி மொள்ளுதல், முதலை நடமாடும் துறைகளைத் தவிர்த்தல், மழை கனத்த நாளிற் பயணத்தை நிறுத்துதல், கையிற் புண்ணுள்ள பிள்ளையை எலிக்காய்ச்சல் அஞ்சி விலக்குதல் ஆகியவற்றை ஆசிரியர் நூலிற் படித்தாற் போதாது. கரையில் நின்று பழகுதல் வேண்டும்.

இரண்டாவது, உண்மைப் பதிவு. நாள், நேரம், மழை, வெயில், இடம், அளந்தவர் பெயர் ஆகியவை எண்ணுக்கு முன் எழுதப்படல் வேண்டும். மும்முறை அளந்தால் மூன்றையும் எழுத வேண்டும். பிழைத்ததை அழியாமற் கோடிட்டுக் காட்ட வேண்டும். ‘தெரியவில்லை’ என்று எழுதிய கொப்பிக்கு வெட்கப்படாத ஆசிரியரே இதற்குத் தகுந்தவர்.

மூன்றாவது, சொல்லும் முறை. பட்டிப்பளை ஆறு என நம் முன்னோர் வழங்கிய கல்லோயா, மலைநாட்டில் ஊற்றெடுத்துச் சேனாநாயக்க சமுத்திரத்தில் தேங்கி, வயல்களை ஊட்டிக் கல்முனைக்குத் தெற்கே கடல் சேர்கின்றது. வட்டைகளின் வடிச்சல் நீரில் உரமும் களைநாசினியும் கலந்து வரக்கூடும். அரிசி ஆலைக் கழிவும் சாயப் பட்டறைக் கழிவும் வீட்டுக் குப்பையும் வந்து சேரக்கூடும். வகுப்பிலோ உழவர் மகன் இருக்கிறான். ஆலைத் தொழிலாளி மகள் இருக்கிறாள். நெசவாளர் பிள்ளையும் இருக்கிறது. ஒருநாள் எண்ணைக் கொண்டு ஒருவரைக் குற்றவாளியாக்கினால், மறுநாள் அப்பிள்ளை பள்ளிக்கு வர நாணும். பல வாரங்களின் பதிவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமும் பாடசாலையின் பெயராற் கொடுத்து, விளக்கம் கேட்பதே முறை. வட்டவிதானையாரையும் அழைத்து அவர் சொல்வதையும் கேட்க வேண்டும். எந்நாளில் நீர் திறக்கப்பட்டது என்பதை அறிந்தவர் அவரல்லவா?

“இவையெல்லாம் விஞ்ஞானத் துறையின; தமிழாசிரியருக்கு இங்கு என்ன வேலை?” என வினவுவார் உளர். அவர்க்குக் காரைதீவை நினைவூட்டுவேன். 1892இல் அவ்வூரிற் பிறந்த விபுலாநந்த அடிகள் பண்டிதரும் விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவர். யாழ்ப்பாணத்திலே விஞ்ஞானம் கற்பித்தவர். 1936இற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். தமிழும் அளவையும் ஒருவரிடத்தே அமைதல் கூடும் என்பதற்கு நம் கரையே சான்று. கலங்கற்றன்மை யாது, உவர் யாது, நாற்றத்தின் வகை யாது எனச் சொல் பிறழாமல் எழுதக் கற்பித்தல் எம் கடன்; எண்ணும் சொல்லும் ஒத்திருக்கின்றனவா என வினவுதலும் எம் கடன்.

இதற்குப் புதிய மாளிகை வேண்டா. சுற்றாடல் முன்னோடிக் குழுக்கள் பாடசாலைகளில் உள்ளன. அட்டாளைச்சேனையிற் கல்வியியற் கல்லூரி உளது. சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் உளது. இவை மூன்றும் கைகோத்து, மண்டபத்தில் ஒருநாட் சொற்பொழிவோடு அமையாது, களியோடைக் கரையில் இருநாட் பயிற்சி நடத்துக. ஒரு தவணை கழிந்தபின் அதே ஆசிரியரை மீளக் கூட்டி, அவர்தம் கொப்பிகளை விரித்துப் பார்க்க. ஒருமுறை கொடுத்துவிட்டு மறக்கும் பயிற்சி, பூட்டிவைத்த கருவிப் பெட்டிக்கு ஒப்பாகும்.

அம்மாணவி இப்பொழுது பாடசாலையை விட்டு நீங்கியிருப்பாள். அவள் எடுத்த எண் யாது என அன்று நான் கேட்டேனல்லேன். அடுத்த பயிற்சிக்கு அழைப்பு வருமாயின், தமிழ் திருத்தும் பண்டிதனாக அன்றி, கம்பும் போத்தலும் ஏந்திய மாணாக்கனாக யானும் கரைக்கு வருவேன். இலக்கணத்தைப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். முதலில் அளந்ததை எழுதுவோம்.