வீட்டுக் கடன் நிவாரணம்: ஒழுங்கா தவணை கட்டினவங்க ஏமாளிகளா? ஒரு விளக்கம்

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கம் பக்கம் போனால், சாலையின் இருபுறமும் மனை விற்பனை, ஃபிளாட் விற்பனை பலகைகள்தான். 'வங்கிக் கடன் வசதி உண்டு' என்ற வரி அதில் தவறாமல் இருக்கும். சொந்த வீடு என்பது இங்கே பெரும்பாலும் 20 வருட இஎம்ஐ. மாதம் பிறந்து 5-ம் தேதிக்குள் கணக்கில் பணம் இருக்க வேண்டும். வேலை போனாலும் சரி, வீட்டுக்குள் வெள்ளம் வந்தாலும் சரி, அந்தத் தேதி மாறாது.

அப்படி நெருக்கடி வரும்போதெல்லாம் 'வீட்டுக் கடனுக்கு நிவாரணம் கொடுங்க' என்ற குரல் எழும். உடனே இன்னொரு குரலும் எழும்: 'வயித்தக் கட்டி, வாயக் கட்டி மாசாமாசம் கட்டினவனுக்கு என்ன கொடுப்பீங்க?'

இரண்டு குரலிலும் நியாயம் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு நாடு முழுக்க ஒரே நேரத்தில் பதில் தேட வேண்டி வந்தது 2020 கொரோனா காலத்தில்தான். அப்போது என்ன நடந்தது, யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

6 மாத அவகாசம்: கொடுத்தது என்ன?

2020 மார்ச் 27 அன்று, மார்ச் 1 முதல் மே 31 வரையிலான தவணைகளைத் தள்ளிவைக்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி அளித்தது. மே மாதம் அது மேலும் 3 மாதங்கள் நீட்டிக்கப்பட்டு, ஆகஸ்ட் 31 வரை போனது. மொத்தம் 6 மாதங்கள். இந்தக் காலத்தில் தவணை கட்டாவிட்டால் கணக்கு வாராக்கடன் ஆகாது. சிபில் மதிப்பெண்ணும் அதனால் பாதிக்கப்படாது.

ஆனால் பலர் கவனிக்கத் தவறிய விஷயம் ஒன்று உண்டு. நின்றது தவணை மட்டும்தான். வட்டி நிற்கவில்லை. அந்த 6 மாத வட்டி அசலோடு சேர்க்கப்பட்டு, அதற்கும் வட்டி ஓடத் தொடங்கியது. 'வட்டிக்கு வட்டி' என்று அப்போது பேசப்பட்டது இதைத்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

உதாரணத்துக்கு, 8% வட்டியில் 20 வருடத்துக்கு 25 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன். மாதத் தவணை சுமார் 20,911 ரூபாய். கடன் வாங்கிய உடனேயே 6 மாத அவகாசம் எடுத்தால் என்ன ஆகும்?

• 6 மாத வட்டியாகச் சுமார் 1,01,680 ரூபாய் அசலில் ஏறும்.

• தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தை நீட்டினால், 240 தவணைக்குப் பதிலாகச் சுமார் 266 தவணை கட்ட வேண்டும். அதாவது 26 தவணை கூடுதல். ரூபாயில் சுமார் 5.5 லட்சம்.

• காலத்தை மாற்றாமல் தவணையை உயர்த்தினால், மாதம் சுமார் 850 ரூபாய் கூடும். 20 வருடத்தில் கூடுதல் செலவு சுமார் 2 லட்சம்.

இப்போது இதே கடனில் இன்னும் 36 தவணை மட்டும் பாக்கி இருப்பவரைப் பாருங்கள். அவரும் அதே 6 மாத அவகாசம் எடுக்கிறார். அவருக்குக் கூடுவது 2 தவணைக்கும் குறைவு.

அவகாசம் ஒன்றுதான், விலை வேறு. வீடு வாங்கி ஒன்றிரண்டு வருடமே ஆனவர், சேமிப்பையெல்லாம் முன்பணமாகக் கொடுத்துவிட்டு நிற்பவர், அவருக்குத்தான் இந்த 'நிவாரணம்' மிக அதிகமாகச் செலவு வைத்தது. கடனை ஏறக்குறைய முடித்துவிட்டவருக்கு அது மலிவாகக் கிடைத்தது. கஷ்டம் அதிகம் இருப்பவருக்கு உதவி அதிகம் என்ற வழக்கமான நியாயம் இங்கே தலைகீழானது.

உச்ச நீதிமன்றத்தில் என்ன நடந்தது?

'அவகாசம் கொடுத்துவிட்டு வட்டி வாங்குவது என்ன நியாயம்?' என்று ஆக்ராவைச் சேர்ந்த வீட்டுக் கடன்தாரர் ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தொழில் அமைப்புகளும் வரிசையாக வந்து சேர்ந்தன.

மத்திய அரசு முதலில் தயங்கியது. எல்லாக் கடன்களுக்கும் 6 மாத வட்டியை முழுவதும் தள்ளுபடி செய்தால் 6 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் ஆகும், வங்கிகள் தாங்காது என்று சொன்னது. பிறகு வட்டிக்கு வட்டியை மட்டும், அதுவும் 2 கோடி ரூபாய் வரை கடன் உள்ளவர்களுக்கு, அரசே ஏற்கும் என்று இறங்கி வந்தது. 'சாமானியனின் தீபாவளி அரசின் கையில்தான் இருக்கிறது' என்ற பொருளில் நீதிபதிகள் குறிப்பிட்டு, சீக்கிரம் செயல்படுத்தச் சொன்னார்கள். 2020 அக்டோபர் 23 அன்று திட்டம் வெளியானது. நவம்பர் 5-க்குள் பணத்தை வரவு வைக்க வேண்டும் என்று வங்கிகளுக்குச் சொல்லப்பட்டது.

மேலே பார்த்த 25 லட்சம் ரூபாய் கடனுக்கு அந்தத் தொகை எவ்வளவு தெரியுமா? கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. சுமார் 1,680 ரூபாய்! அசலில் ஏறிய மீதி 1 லட்சம் அப்படியே இருந்தது.

2021 மார்ச் 23 அன்று நீதிபதி அசோக் பூஷன் தலைமையிலான அமர்வு இறுதித் தீர்ப்பு சொன்னது. முழு வட்டித் தள்ளுபடிக்கு உத்தரவிட முடியாது. டெபாசிட் போட்டவர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் வங்கிகள் வட்டி கொடுத்தாக வேண்டும் என்றது. அதே நேரம், 2 கோடி என்ற வரம்பையும் ஏற்கவில்லை. கடன் எவ்வளவாக இருந்தாலும் அவகாசக் காலத்துக்கு வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது, வாங்கியிருந்தால் அடுத்த தவணையில் கழிக்க வேண்டும் என்றது.

கட்டினவங்களுக்கும் கிடைச்சுதா?

கிடைத்தது. 2020 திட்டத்தின் முக்கியமான அம்சம் இதுதான். அவகாசம் எடுத்தவர், எடுக்காமல் ஒழுங்காகக் கட்டியவர், இருவருக்கும் அதே கணக்குப்படி தொகை வரவு வைக்கப்பட்டது. 'ஒழுங்கா கட்டினவன் ஏமாளியா?' என்ற கேள்விக்கு அரசு சொன்ன பதில் அது.

பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் இதன் மறுபக்கம், சம்பளம் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் வீட்டில் இருந்து வேலை பார்த்தவருக்கும் 1,680 ரூபாய்; கடையை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தவருக்கும் 1,680 ரூபாய். எல்லோருக்கும் சமமாகப் பிரித்ததில், உண்மையில் தள்ளாடியவருக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. 2020 பிப்ரவரி 29-க்கு முன்பே வாராக்கடன் ஆகிவிட்ட கணக்குகளுக்கு அதுவும் கிடையாது. வாடகை வீட்டில் இருந்தவர், கந்துவட்டிக்கு வாங்கி வீடு கட்டியவர் இவர்களெல்லாம் கணக்கிலேயே வரவில்லை.

தமிழ்நாட்டுக்குப் பழகின தள்ளுபடி ஏன் இங்கே வரல?

2021 பிப்ரவரியில் கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடியும் அறிவிக்கப்பட்டது. இரண்டு முறையும் 'போன மாசம்தான் கஷ்டப்பட்டுக் கட்டி மீட்டேன்' என்றவர்களுக்கு எதுவும் கிடைக்காது என்பதுதான் பெரிய மனக்குறை.

வீட்டுக் கடனில் மாநில அரசு அப்படிச் செய்வது எளிதல்ல. கூட்டுறவு அமைப்புகள் மாநில அரசின் பிடியில் உள்ளவை. வீட்டுக் கடனில் பெரும்பகுதியைக் கொடுப்பது வணிக வங்கிகளும் வீட்டுவசதி நிதி நிறுவனங்களும். அவை ரிசர்வ் வங்கியின் விதிகளுக்குள் வருபவை. அங்கே தள்ளுபடி என்றால் அந்தப் பணத்தை யாராவது கொடுக்க வேண்டும்: வரி கட்டுபவர், டெபாசிட் போட்டவர், அல்லது அடுத்து கடன் வாங்க வருபவர். வீட்டுக்கடனே கிடைக்காத ஏழைக் குடும்பமும் கடையில் சோப்பு வாங்கும்போது வரி கட்டுகிறது. அந்தப் பணத்தில் சொத்து உள்ளவரின் கடனை அடைப்பது சரியா என்ற கேள்வி அங்கேதான் வருகிறது.

அமெரிக்கா எப்படிச் செய்தது?

2008 நெருக்கடியில் அமெரிக்காவில் லட்சக்கணக்கான வீடுகள் ஜப்திக்குப் போயின. 2009 பிப்ரவரியில் ஒபாமா அரசு 75 பில்லியன் டாலர் திட்டம் அறிவித்தது. மறுநாளே சிஎன்பிசி தொலைக்காட்சியில் ரிக் சான்டெல்லி, பக்கத்து வீட்டுக்காரரின் கடனை நாம் ஏன் கட்ட வேண்டும் என்று நேரலையில் கொதித்தார். அந்தக் கோபம் 'டீ பார்ட்டி' இயக்கத்துக்குத் தீப்பொறி ஆனது. இங்கே கேட்கும் அதே கேள்விதான்.

ஆனால் அந்தத் திட்டத்தில் கவனிக்க வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. எல்லோருக்கும் ஒரே தொகை என்று கொடுக்கவில்லை. வருமானத்தைக் காட்ட வேண்டும். மாதத் தவணை அந்த வருமானத்தில் 31 சதவீதத்துக்கு மேல் போகாதபடி கடன் மாற்றி அமைக்கப்படும். வட்டி குறையும், காலம் நீளும். 30 முதல் 40 லட்சம் குடும்பங்கள் என்ற இலக்கை அது எட்டவில்லை. ஆவணங்கள் கேட்டே பலரை அலையவிட்டார்கள் என்ற புகாரும் உண்டு. இருந்தாலும், உதவியை வருமானத்தோடு கட்டியது சரியான பாதை.

இந்தியாவிலும் அதற்கு ஒரு சின்ன முன்னுதாரணம் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 அன்று ரிசர்வ் வங்கி அறிவித்த மறுசீரமைப்புத் திட்டம், கொரோனாவால் வருமானம் பாதிக்கப்பட்டவர்களின் கடன் காலத்தை 2 வருடம் வரை நீட்டிக்க வழி செய்தது. 2020 மார்ச் 1 அன்று 30 நாளுக்கு மேல் பாக்கி இல்லாதவர்களுக்கு மட்டும்தான் அது. ஆக, அதுவரை ஒழுங்காகக் கட்டியதற்கு அங்கே மதிப்பு இருந்தது. 2021 மே மாதம் இரண்டாவது முறையும் இது வந்தது.

செம்பரம்பாக்கத்துக்கு இதில் என்ன?

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு கரையோரம் ஏராளமான வீடுகள் மூழ்கின. இப்படி இயற்கைப் பேரிடர் வந்தால் கடனைத் தள்ளிவைக்க, மாற்றி அமைக்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் நிலையான வழிகாட்டுதல் இருக்கிறது. அரசு பேரிடர் என்று அறிவித்தால் அது நடைமுறைக்கு வரும்.

ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பு, 2014 நவம்பர் 1 அன்று, இதே நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அடுத்த மாதமே ஃபாக்ஸ்கான் ஆலையும் நின்றது. 2022-ல் மறைமலை நகரில் ஃபோர்டு. ஆலை மூடலுக்கு எந்த அரசாணையும் 'பேரிடர்' என்று பெயர் வைப்பதில்லை. அந்த வேலையை நம்பிக் கடன் எடுத்த குடும்பத்துக்கு வெள்ளமும் ஆலை மூடலும் ஒன்றுதான்: அடுத்த மாதம் 5-ம் தேதிக்குப் பணம் இல்லை.

சாதாரண நாட்களில் ஒரு தனிநபர் கடனை மாற்றி அமைத்தால், அந்தக் கணக்கு பொதுவாக வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும். அதனால் வங்கிகளும் தயங்கும். நாடு முழுக்கக் கஷ்டம் வந்தால் விதி தளரும். ஒரு ஊருக்கோ ஒரு குடும்பத்துக்கோ வந்தால் தளராது. நிவாரணத்தில் இருக்கும் பெரிய ஓட்டை இதுதான். கட்டினவர், கட்டாதவர் சண்டையில் இது வெளியே தெரிவதே இல்லை.

தவணை கட்ட முடியலன்னா என்ன செய்யலாம்?

1. முதல் தவணை தவறும் முன்பே வங்கிக்குப் போய் எழுத்து மூலம் நிலையைச் சொல்ல வேண்டும். வேலை போனதற்கான ஆவணம் முக்கியம்.

2. காலத்தை நீட்டுவதா, தவணையை உயர்த்துவதா என்று வங்கி கேட்டால், மொத்த வட்டி எவ்வளவு கூடும் என்று இரண்டுக்கும் கணக்கு கேளுங்கள். மிதக்கும் வட்டிக் கடனில் வட்டி மாறும்போது இந்தத் தேர்வைக் கொடுக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்ட் 18 அன்றே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

3. 90 நாளுக்கு மேல் பாக்கி என்றால் கணக்கு வாராக்கடன். அதன் பிறகு சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். அதற்கு ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாளில் பதில் சொல்ல வேண்டும்.

4. வங்கி வீட்டைக் கையகப்படுத்த நடவடிக்கை எடுத்தால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம்.

5. தாமதக் கட்டணத்தை அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. புதிய கடன்களுக்கு 2024 ஏப்ரல் முதல் இந்த விதி அமலில் இருக்கிறது.

ஆக, எது நியாயம்?

கட்ட முடிந்தவர் கட்டியதற்காக நஷ்டப்படக் கூடாது. கட்ட முடியாமல் போனவர் அதற்காக வீட்டை இழக்கவும் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அசலைத் தள்ளுபடி செய்வதைவிட, வருமானம் நின்றுபோனதை நிரூபிப்பவருக்கு அவகாசமும், அந்த அவகாசத்துக்கு வட்டிக்கு வட்டி இல்லாத கணக்கும் தருவதே பொருத்தமாகத் தெரிகிறது. முதல் பாதி 2020 மறுசீரமைப்பில் இருந்தது. இரண்டாவது பாதியை 2021 தீர்ப்பு தந்தது. இரண்டுமே கொரோனா காலத்துக்கான ஏற்பாடுகள். அடுத்த ஆலை கேட் மூடும்போதும் அவை கிடைக்குமா என்பதுதான் இந்த நெடுஞ்சாலையோரம் இஎம்ஐ கட்டும் குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்வி.