நேரடி ஒளிபரப்பு யாருக்கு?

2007 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவினருடன் இந்தியா ஆடிய கிரிக்கெட் பந்தயங்களின் ஒளிபரப்பு உரிமை, நியோ ஸ்போர்ட்ஸ் என்னும் கட்டண அலைவரிசையிடம் இருந்தது. தூரதர்ஷனுக்கு நேரடிக் காட்சி தர அது இசையவில்லை. 7 நிமிடம் தாழ்த்திக் காட்டலாமென்றது டில்லி உயர்நீதிமன்றம். அதற்குள் அண்டை வீட்டு ஆரவாரமே விக்கெட் வீழ்ந்ததை அறிவித்துவிடுமன்றோ!

அவ்வாண்டே பாராளுமன்றம் சட்டம் இயற்றிற்று. தேசிய முக்கியத்துவமுடைய பந்தயங்களை விளம்பரமின்றித் தூரதர்ஷனுடன் பகிர்தல் வேண்டும். அதனால் தூரதர்ஷன் ஈட்டும் விளம்பர வருவாயில் நூற்றுக்கு 75 பங்கேனும் உரிமையாளருக்குச் சேரும். பெரும்பொருள் ஈந்து உரிமை பெற்றவருக்கு இஃது அநீதி என்றனர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. வானலைகள் பொதுச்சொத்து என 1995-இல் கிரிக்கெட் வழக்கொன்றிலேயே உச்சநீதிமன்றம் உரைத்துளது.

ஆயின், அப்பகிர்வுக் காட்சி கேபிள்காரர் வழியே செல்லலாகாதென 2017-இல் அந்நீதிமன்றமே தீர்த்தது. மாதந்தோறும் கேபிளுக்குப் பணங்கட்டும் எளிய குடும்பம், பந்தயத்திற்கெனத் தனிக் கட்டணமும் செலுத்த நேர்ந்தது.