கேட்போரும் நூலின் உறுப்பே

திருச்சிராப்பள்ளியில் பிறந்து, பொருளீட்டும் பொருட்டு ரியாத் மாநகரில் வாழ்ந்துவருவோர் யாம். ஊரில் கவியரங்கம் நிகழவிருக்கும் செய்தி எட்டும்போதெல்லாம் எம் உள்ளம் மகிழ்கிறது, மறுகணமே சோர்கிறது. ஞாயிறு மாலை 6 மணிக்குத் திருச்சியில் அரங்கம் தொடங்கும் வேளை, ரியாத்தில் பிற்பகல் 3.30. சவூதி அரேபியாவில் 2013ஆம் ஆண்டு முதல் வெள்ளியும் சனியுமே வார விடுமுறை. ஞாயிறு பணி நாள். கடல் மட்டுமன்று, கிழமையும் எம்மைப் பிரித்துவைக்கிறது.

"ஒளிப்பதிவு வந்துவிடுமே, பிறகு கண்டுகொள்ளலாமே" என்று ஆறுதல் கூறுவோர் உளர். அவ்வாறுதல் பாதியளவே பொருந்தும் என்பது எமது துணிபு. நன்னூல், சிறப்புப் பாயிரத்துக்கு வகுத்த எட்டுச் செய்திகளுள் நூலாசிரியர் பெயரோடும் நூலின் பெயரோடும் 'கேட்போர்' என்பதையும் ஒன்றாக வைத்துள்ளது. நூல் அரங்கேறிய அவையாகிய 'களன்' என்பதையும் உடன்சேர்த்து உரைப்பார் உண்டு. தொல்காப்பியப் பாயிரம் அந்நூலைக் கேட்ட அதங்கோட்டாசானின் பெயரையும் காத்துத் தந்திருக்கிறது. கேட்பவரையும் நூலின் வரலாற்றில் சேர்த்தெண்ணிய மொழி நம் மொழி.

திருச்சிக்கோ இம்மரபில் தனிச்சிறப்பு உண்டு. கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றியதாக மரபு கூறும் மண்டபம் திருவரங்கத்தில் இன்றும் காட்டப்படுகிறது. 1973ஆம் ஆண்டு இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடியதும் இந்நகரிலேதான்.

கரவொலி எழக் கண்டு, கவிஞர் ஓரடியை மீண்டும் ஒருமுறை சொல்கிறார். எதிரே இருப்போரின் முகம் நோக்கியே அவ்வாறு சொல்கிறார். ஒளிப்பதிவில் கவிதை எமக்குக் கிட்டுகிறது. அம்முகங்களுள் ஒன்றாகும் பேறு கிட்டுவதில்லை.

எனினும் ஏங்கியிருப்பதால் பயனில்லை. அயலகத்தில் வாழ்வோர் வெள்ளிதோறும் ஓர் அறையில் கூடி, கேட்கத் தவறிய கவிதைகளைப் பதிவில் கேட்டு, தம் கருத்தைக் கவிஞருக்கு எழுதலாம். காலம் தாழ்ந்தேனும் கேட்போராகலாம். விழா எடுக்கும் பெருமக்கள் மேடையை மட்டுமன்றி, அவையோர் எழுப்பும் வினாக்களையும் முழுமையாகப் பதிவுசெய்து கல்லூரி நூலகத்தில் பேணவேண்டும். நாளினை முன்கூட்டியே அறிவித்தால், விடுப்பில் வருவோர் அதற்கேற்பப் பயணம் வகுத்துக்கொள்வர்.

மாணவக் கண்மணிகளிடம் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வரவியலாத தொலைவில் இருப்போரின் இழப்பைச் சிறிதேனும் ஈடுசெய்யலாம். நடந்துசெல்லும் தொலைவில் இருந்தும் வாராதோரின் இழப்பை யார் ஈடுசெய்வது? காலி நாற்காலிகளை நோக்கிக் கவிஞர் எத்தனை நாள் பாடுவார்? அரங்கத்துக்கு உங்கள் கல்லூரிக்கும் உங்களுக்கும் இடையே சில தெருக்களே உள்ளன. எமக்காகவும் சென்று கேளுங்கள்.