புகை இல்லாமலும் அடிக்கும் மணி

அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்துக்கு 2002 முதல் 2015 வரை தலைவராக இருந்தவர் தாமஸ் இன்செல். பதவியை விட்டு வந்தபின், 2017இல், ஒரு பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னார்: மூளையியலுக்கும் மரபணு ஆய்வுக்கும் தன் காலத்தில் சுமார் 2,000 கோடி டாலர் செலவானது, அருமையான ஆய்வுக் கட்டுரைகள் வந்தன, தற்கொலையும் மருத்துவமனைச் சேர்க்கையும் மட்டும் குறையவில்லை.

இப்படிச் சொல்ல ஒரு நேர்மை வேண்டும், சரி. ஆனால் அவர் சொன்ன செலவுப் பட்டியலில் ஒரு கேள்வியைக் காணோம். பயம், சோர்வு, பதற்றம் இதெல்லாம் மனிதனுக்கு எதற்காக வந்தது? வந்தது ஏன் இவ்வளவு சுலபமாகக் கட்டுமீறிப் போகிறது?

பரிணாமத்தை வைத்து இதைக் கேட்பவர்களில் முக்கியமானவர் ரண்டால்ஃப் நெஸ்ஸி என்ற மனநல மருத்துவர். பதற்றத்தை அவர் ஸ்மோக் டிடெக்டரோடு ஒப்பிடுகிறார். சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் எங்களுக்கு இது தினப்படி சமாச்சாரம். ராத்திரி 2 மணிக்கு அலர்ட் வரும், எழுந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. திட்டிக்கொண்டே படுப்போமே தவிர அலர்ட்டை அணைக்க மாட்டோம். ஒரு தூக்கம் கெடுவதைவிட சைட் விழுவது நூறு மடங்கு நஷ்டம் என்று வையுங்கள். அப்போது ஆபத்துக்கு நூற்றில் ஒரு வாய்ப்பு இருந்தாலே மணி அடிப்பதுதான் சரியான கணக்கு. அந்த எல்லையில் அடிக்கிற நூறு மணியில் தொண்ணூற்றொன்பது பொய். கருவியில் பழுது எதுவும் கிடையாது.

அப்படியானால் எப்போதுதான் பழுது? மாத்திரை எழுதும் ஒவ்வொரு மருத்துவருக்கும் இந்த விடை தேவை. அறிகுறிகளை எண்ணிக் கூட்டினால் அது கிடைக்காது.

"இதெல்லாம் கட்டுக்கதை, சோதிக்கவே முடியாது" என்பது வழக்கமான பதில். பிரிட்டனில் 1946 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த 5,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை இன்றுவரை தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். 13 வயதில் யார் பதற்றக்காரர் என்று ஆசிரியர்கள் குறித்துவைத்தார்கள். 2006இல் லீ, வாட்ஸ்வொர்த், ஹோடாஃப் என்ற மூன்று ஆய்வாளர்கள் அந்தப் பழைய ஏட்டைப் புரட்டினார்கள். 25 வயதுக்குள் விபத்தில் அதிகம் இறந்தது பதற்றம் குறைந்த பிள்ளைகள். 25க்குப் பிறகு கதை திரும்புகிறது: பதற்றம் கூடியவர்களிடம் விபத்தல்லாத மரணங்கள் அதிகம். ஆக "பதற்றம் நல்லது" என்று போஸ்டர் ஒட்டவும் இதில் இடமில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது, முடிவு நேர்மாறாகவும் வந்திருக்கலாம் என்பதே. சோதனை என்றால் அதுதானே? மூளையைப் படம் பிடிக்கும் இயந்திரம்கூட இதற்குத் தேவைப்படவில்லை.

இன்னொன்று. பயம் அதிகமானவர் மனநல மருத்துவரிடம் வருகிறார். பயம் போதாதவர் எலும்பு முறிவு வார்டில் கிடக்கிறார், அவரை யாரும் நோயாளிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து எல்லைக்கோடு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

மரபணுப் பக்கமும் இதே கதைதான். மனச்சிதைவோடு தொடர்புடைய 287 மரபணு இடங்களை 2022இல் பட்டியலிட்டார்கள். பெரும் உழைப்பு. ஆனால் மனச்சிதைவு உள்ளவர்களுக்குப் பிள்ளைகள் குறைவு என்னும்போது, இந்த மாற்றங்கள் தலைமுறை தலைமுறையாக ஏன் கழிந்துபோகவில்லை? அதைக் கேட்காதவரை பட்டியல் பட்டியலாகவே கிடக்கும்.

பரிணாமக் கட்சிக்காரர்களையும் நான் சும்மா விடுவதாயில்லை. சிக்கலான பிரச்சினையை அசைபோட்டுத் தீர்ப்பதற்கென்றே உருவான ஏற்பாடு மனச்சோர்வு என்று 2009இல் ஒரு கருதுகோள் வந்தது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. சாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும் ஒருத்தி அதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினால் யார் பொறுப்பு? எந்தத் தரவு வந்தால் கருதுகோளைக் கைவிடுவேன் என்று முன்கூட்டியே எழுதித் தராதவருக்கு ஒரு பைசா கொடுக்கக் கூடாது.

சிகிச்சையே கிடைக்காதவர்கள் கோடிக்கணக்கில் இருக்கும்போது இந்த ஆராய்ச்சி எதற்கு என்பார்கள். சிகிச்சைப் பணத்தில் யாரும் கைவைக்க வேண்டாம். ஆய்வுக்கென்று ஏற்கனவே ஒதுக்கும் பணத்தில் நூற்றில் ஒரு பங்கு போதும். பிரிட்டனின் மனநல மருத்துவர்கள் ராயல் கல்லூரியில் 2016 முதல் பரிணாம மனநலத்துக்கென்று ஒரு குழு இருக்கிறது. கூடிப் பேசலாம், ஆனால் பேச்சு தரவாகாது. 1958இலும் 1970இலும் பிறந்தவர்களைத் தொடரும் ஏடுகளும் அதே நாட்டில் இருக்கின்றன. முதல் பணத்தை அவற்றைப் புரட்டக் கொடுங்கள், முடிவு எப்படி வந்தாலும் வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.